சீனப் பாய்க்கப்பல் மாதிரி செய்யப் போகிறேன்: செங் ஹேயின் பெரிய கப்பலா, குவான்சோ கப்பலா?

உளிமுனை:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை ஐரோப்பியக் கப்பல் கிட்டுகளைத்தான் செய்து வந்தேன். இந்த முறை கிட் இல்லாமல், மரம் வாங்கி நானே அறுத்து இழைத்து ஒரு சீனப் பாய்க்கப்பல் செய்ய ஆசை. மனத்தில் இருப்பது மிங் ஆட்சிக்காலச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் ஒன்பது பாய்மரக் கப்பல். 1405 முதல் 1433 வரை ஏழு முறை பயணம் போன படையின் தலைமைக் கப்பல். கோழிக்கோட்டுக்கும் இலங்கைக்கும் வந்து போன படை என்பதால் கூடுதல் ஈர்ப்பு.

நம்பத்தகுந்த வரைபடம் எங்கே கிடைக்கும்? அளவு விகிதம் என்ன வைக்கலாம்? வைக்கப் போகிற மேசை மூன்றரை அடி நீளம். அதற்குள் அடங்க வேண்டும். தேக்குத் துண்டுகள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன், பலகைக்கு அவை போதுமா?

தோணித்துறை:

நல்ல முயற்சி தம்பி. ஆனால் மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். செங் ஹேயின் பெரிய கப்பலுக்கு வரைபடம் கிடையாது. சந்தையில் விற்கிற தாள்கள், கிட்டுகள் எல்லாமே யாரோ ஒருவர் கற்பனை செய்து வரைந்தவை. அந்தக் கப்பலின் உடல் எங்கும் அகழ்ந்து எடுக்கப்படவில்லை. நம்மிடம் இருப்பது மிங் வரலாற்று நூல் தரும் இரண்டே எண்கள்: நீளம் 44 ஜாங் 4 சி, அகலம் 18 ஜாங். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 138 மீட்டர் நீளம், 56 மீட்டர் அகலம். நீளத்தை அகலத்தால் வகுத்தால் இரண்டரைகூட வராது. அடிப்பகுதி எப்படி வளைந்தது, தடுப்புச் சுவர்கள் எத்தனை, பாய்மரங்கள் எங்கே ஊன்றியிருந்தன என்று எதுவும் அந்த எண்களில் இல்லை.

உங்கள் மேசையில் அடங்க 1:130க்கும் கீழே போக வேண்டும். அந்த அளவில் பலகை இணைப்பு, ஆணி வரிசை, பாயின் கயிறு எதையும் ஒழுங்காகக் காட்ட முடியாது.

என்னைக் கேட்டால் குவான்சோ கப்பலைச் செய்யுங்கள். தென் சோங் ஆட்சியின் கடைசிக் காலத்து வணிகக் கப்பல். ஃபுஜியன் கரையில், குவான்சோ விரிகுடாவின் ஹௌசு துறையில் 1973இல் கண்டுபிடித்து 1974இல் தோண்டி எடுத்தார்கள். மேல்தளம் போய்விட்டது, ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழான உடல் பெரும்பாலும் கிடைத்தது. எஞ்சியது 24.2 மீட்டர் நீளம், 9.15 மீட்டர் அகலம். முழுக் கப்பல் 34 மீட்டர் அளவில் இருந்திருக்கும் என்று மீட்டுருவாக்கம் செய்திருக்கிறார்கள். 1:50இல் 68 சென்டிமீட்டர். மேசையில் தாராளமாக உட்காரும், உள்வேலையும் கண்ணுக்குத் தெரியும்.

நெய்தல்மகன்:

தோணித்துறை ஐயா சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. நான் கொழும்பில் இருப்பவன். அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில், காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் கொடுத்த காணிக்கைகளை வரிசையாகச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று அந்தப் பட்டியலைப் படித்தால், இவ்வளவையும் மூன்று பங்காகச் சுமந்து வந்த படை சிறியதாக இருந்திருக்குமா? 1957இல் நான்ஜிங்கில் லோங்ஜியாங் கப்பல் கட்டும் தளத்தில் 11 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள சுக்கான் தண்டு கிடைத்ததும் உண்மைதானே? கிடைத்த சான்றுகளை வைத்து ஒருவர் பெரிய கப்பலைச் செய்ய விரும்பினால் ஏன் தடுக்க வேண்டும்?

தோணித்துறை:

படை பெரியது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்கள், பல வகைக் கப்பல்கள். 2010இல் நான்ஜிங்கில் ஹொங் பாவ் என்ற அதிகாரியின் கல்லறைக் கல்வெட்டு கிடைத்தது. அவரும் செங் ஹேயோடு கடலோடியவர். அதில் ஐயாயிரம் லியாவ் (பழைய சீனக் கப்பல் அளவை) கொள்ளளவுள்ள கப்பல் என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் மிகப் பெரிய கப்பல்கள் இருந்தன என்பதற்கு அது நேரடிச் சான்று. 138 மீட்டர் என்ற எண்ணில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள்.

மரத்துக்கு ஓர் எல்லை உண்டு. 1909இல் அமெரிக்காவில் கட்டிய வையோமிங் என்ற ஆறு பாய்மரக் கப்பலைப் பாருங்கள். முன்னும் பின்னும் நீட்டிய கம்பங்களோடு 137 மீட்டர், தளம் மட்டும் 107 மீட்டர் அளவு. இரும்புப் பட்டைகளை இழுத்துக் கட்டியும் அதன் உடல் அலையில் நெளிந்தது, பலகை இடைவெளிகள் திறந்தன, நீராவிப் பம்பு வைத்துத் தண்ணீரை இறைக்க வேண்டியிருந்தது. 1924இல் புயலில் எல்லோரோடும் மூழ்கியது. சுக்கான் தண்டைப் பொறுத்தவரை, தட்டையான அடி கொண்ட கப்பல்களுக்கு உடலை ஒப்பிடும்போது சுக்கான் பெரிதாகவே இருக்கும். தண்டின் நீளத்தை வைத்துக் கப்பலின் நீளத்தைக் கணக்கிட முடியாது.

ஆனால் தம்பிக்கு நான் சொன்ன காரணம் வேறு. 138 மீட்டர் கப்பல் இருந்ததா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் தீர்மானிக்கட்டும். மாதிரி செய்கிறவர் ஒவ்வொரு பலகையிலும் முடிவெடுக்க வேண்டும். பெரிய கப்பலில் அந்த முடிவு ஒவ்வொன்றும் கற்பனை. குவான்சோ கப்பலில் முக்கால்வாசி முடிவுகளுக்கு அங்கே மரமே பதில் சொல்லும்.

நெய்தல்மகன்:

சரி ஐயா, மாதிரி செய்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நீங்கள் சொல்வது புரிகிறது. பெரிய கப்பலைச் செய்கிறவர்கள் பெட்டியின் மேல் "கற்பனை மீட்டுருவாக்கம்" என்று ஒரு சீட்டு ஒட்டினால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. காலிக் கல்வெட்டோடு சேர்த்துப் பார்க்க ஒரு பெரிய கப்பல் வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்குப் போகவில்லை.

உளிமுனை:

இருவருக்கும் நன்றி. குவான்சோ கப்பல் என்று முடிவு செய்துவிட்டேன். உட்புறம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா அண்ணா? நான் செய்த கிட்டுகளில் நடுவில் ஒரு பிளைவுட் முதுகெலும்பு, அதில் குறுக்காகச் சொருகும் தட்டுகள், மேலே பலகை. அதே முறையில் போகலாமா?

தோணித்துறை:

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. எனக்கு இந்தக் கப்பல்கள் மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு இதுதான் காரணம்.

ஐரோப்பியக் கப்பலில் வங்குகள், அதாவது விலா எலும்பாக நிற்கும் சட்டங்கள், நெருக்கமாக நிற்கும். கிட்டில் வருகிற குறுக்குத் தட்டு அந்தக் கப்பலில் கிடையாது. செய்பவரின் வசதிக்காகப் போட்டது, பலகை மூடியதும் மறைந்துவிடும். சீனக் கப்பலிலோ குறுக்குத் தடுப்புதான் கப்பலின் உடலைத் தாங்குகிறது. குவான்சோ கப்பலில் 12 தடுப்புகள், 13 அறைகள். தடுப்புகள் ஓரத்துக்கு ஓரம் அடுக்கிய கனத்த பலகைகள், தடிமன் 10 முதல் 12 சென்டிமீட்டர். அவை வெளிப்பலகையைச் சந்திக்கிற இடத்தில் மட்டும் கற்பூர மரத்தில் வங்கு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் பழகிய அதே முறையில்தான் போகப் போகிறீர்கள். ஒரே வேறுபாடு, இங்கே ஒவ்வொரு தட்டும் நிஜம். பிளைவுட் வைத்து மறைக்க வேண்டாம். தடுப்பையும் தனித்தனிப் பலகையாக அடுக்கி ஒட்டுங்கள். 1:50இல் 2 முதல் 2.4 மில்லிமீட்டர் தடிமன் வரும்.

தடுப்பின் அடியில், ஏராவை, அதாவது கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டையை ஒட்டி, சின்னச் சதுரத் துளை விட மறக்காதீர்கள். அறையில் கசியும் நீர் ஓரிடத்தில் சேர்வதற்கான வழி. ஓர் அறையில் ஓட்டை விழுந்தால் அந்தத் துளையை அடைத்துவிட்டு மற்ற அறைகளைக் காப்பாற்றலாம். சரக்கை வணிகர்வாரியாகப் பிரித்து வைக்கவும் அறைகள் உதவின. இந்தக் கப்பலில் வாசனைக் கட்டைகளும் மிளகும் அள்ளி அள்ளி வந்தன. பெயர் எழுதிய மரச்சீட்டுகளும் சேர்ந்தே கிடைத்தன.

ஏரா பைன் மரம். முக்கியத் துண்டு 12.4 மீட்டர், பின் துண்டு 5.25 மீட்டர், சேர்த்து 17.65. உங்கள் அளவில் 35.3 சென்டிமீட்டர். முன்பக்கம் அதோடு ஒரு வளைந்த முகக்கட்டை சேரும். இணைப்புகளில் ஒரு விசேஷம் உண்டு. ஏழு சிறு குழிகள் சப்தரிஷி மண்டல வடிவில், அருகில் ஒரு பெரிய வட்டக் குழி. சிறு குழிகளில் நாணயங்கள், பெரியதில் வெண்கலக் கண்ணாடி. கப்பல் நலமாகப் போய் வர வேண்டும் என்று தச்சர்கள் வைத்தது. பிறகு மரத்தைப் பூட்டிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. அளவு சிறியதாக இருந்தாலும் அந்தக் குழிகளைப் போட்டுவிட்டு மூடுங்கள்.

வெளிப்பலகை அடியில் இரட்டை அடுக்கு, பக்கங்களில் மூன்று அடுக்கு. எல்லாம் சேர்ந்து 18 சென்டிமீட்டர் தடிமன் வரை போகும். குவான்சோவை மார்க்கோ போலோ சைத்தூன் என்ற பெயரில் எழுதினார். இரட்டைப் பலகை, 13 அறை, சுண்ணாம்பும் நாரும் மர எண்ணெயும் கலந்த பூச்சு என்று அவர் சீனக் கப்பலைப் பற்றிச் சொன்னதைப் பல காலம் மிகை என்று நினைத்தவர்கள் உண்டு. 1974இல் சேற்றிலிருந்து வந்த கப்பலில் மிகச் சரியாக 13 அறைகள்.

பாய்மரத்தின் அடிக்கட்டை இரண்டு கிடைத்திருக்கின்றன, முதல் அறையில் ஒன்று, ஆறாவது அறையில் ஒன்று. பின்பக்கம் மூன்றாவது சிறு பாய்மரம் வைப்பது ஊகம்தான், அதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

சிங்கைச் செல்வி:

நான் சிங்கப்பூரிலிருந்து குவான்சோ போய் இந்தக் கப்பலை நேரில் பார்த்தவள். கையுவான் கோயில் வளாகத்தில் அதற்கென்று தனிக் கூடம் கட்டி வைத்திருக்கிறார்கள். மேலே சுற்றிவர நடைபாதை உண்டு. அங்கிருந்து குனிந்து பார்த்தால் தடுப்புகள் வரிசையாக நிற்பது முழுவதும் தெரியும். உளிமுனை அண்ணா, முடிந்தால் மேலிருந்து எடுத்த படங்களைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் அகலம் புரிவதில்லை. இவ்வளவு அகலமான வயிறு கொண்ட கப்பல் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

அதே கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் போக மறக்கக் கூடாது. அங்கே இரண்டு கல் தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இடிந்துபோன இந்துக் கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்தவை. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அந்த ஊரில் கிடைத்ததுதான், சிவன் கோயிலுக்கானது. இந்தக் கப்பல் மூழ்கியது 1270களில். நம் வணிகர்கள் அந்தத் துறையில் இறங்கி நடந்தபோது கண்ணுக்கு முன்னால் நின்றவை இந்த வகைக் கப்பல்கள்தான். அங்கே நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மஞ்சக்கடம்பு:

மர விஷயம் நான் சொல்கிறேன். தேக்கு வேண்டாம். பெரிய வேலைக்கு அருமையான மரம், ஆனால் அதன் துளைகள் பெரியவை. 1:50இல் வைத்தால் ஒவ்வொரு துளையும் கைநீள வெடிப்பாகத் தெரியும். அசல் கப்பலில் பலகைக்குச் சீன ஃபர் என்ற ஊசியிலை மரம், தடுப்பு வேலைக்குக் கற்பூர மரமும் ஃபரும், ஏராவுக்குப் பைன். நமக்கு மஞ்சக்கடம்பு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. நெருக்கமான ரேகை, சீரான நிறம், உளிக்கு இணங்கும். குமிழும் பரவாயில்லை. மரப்பட்டறைக்குப் போகும்போது காய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். பச்சை மரத்தில் செய்த பலகை பிறகு இடைவெளி விட்டுவிடும்.

முகப்பில் வளைகிற பலகைகளை ஒருநாள் ஊறவைத்துச் சூடான இரும்புக் குழாயில் மெல்ல அழுத்தி வளையுங்கள். சீனத் தச்சர்கள் தண்ணீரும் நெருப்பும் வைத்துச் செய்ததும் இதே வேலைதான். ஆணிகளுக்கு மூங்கில் குச்சியைச் சீவிப் பயன்படுத்தலாம். அசலில் இரும்பு ஆணி, தலையை உள்ளே இறக்கி மேலே பூச்சு அடைத்துவிடுவார்கள். அதனால் வெளியே தெரிவது வெளிர் நிறப் புள்ளி வரிசை. கறுப்புப் புள்ளி வைக்காதீர்கள்.

அலைவாய்:

பாய்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. போன வருடம் ஒரு கடையில் ரெடிமேடாகச் "சீன ஜங்க்" என்று விற்ற மாதிரியை வாங்கி நொந்துபோனேன். வேலைப்பாடு பளபளப்பு. ஆனால் ஐரோப்பியக் கப்பலுக்குக் கட்டுவது மாதிரி பாய்மரத்தின் இருபக்கமும் கயிற்று ஏணி. பாயில் குறுக்குக் கம்பு வெறும் கோடாக வரைந்திருக்கிறது.

சீனப் பாயின் உயிரே அந்தக் கம்புகள்தான். மூங்கில் கம்புகள் பாயின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகும். ஒவ்வொரு கம்புக்கும் பாய்மரத்தைச் சுற்றி ஒரு வளையக் கயிறு. பின்விளிம்பில் கம்புக்கு ஒன்றாகக் கிளம்பும் சின்னக் கயிறுகள் சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஒரு கயிறாக ஆளின் கைக்கு வரும். காற்று கூடினால் ஏற்றும் கயிற்றைத் தளர்த்தினால் போதும், பாய் தன் கனத்திலேயே மடிந்து இறங்கும். யாரும் மரத்தில் ஏற வேண்டாம். ஏற வேண்டியதில்லை என்றால் ஏணி எதற்கு? பாய்மரம் தடித்தது, அடியில் இரண்டு கனத்த கட்டைகளுக்கு நடுவில் நிற்கும். ஐரோப்பிய முறையில் பக்கவாட்டுக் கயிறுகள் அடுக்காகக் கட்டினால் இந்தப் பாய் சுழலவே இடம் இருக்காது.

14ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டில் 13 சீனக் கப்பல்கள் நின்றதைப் பார்த்த இப்னு பதூதா, பாய்கள் மூங்கில் கீற்றைப் பாயாக முடைந்தவை என்று எழுதினார். சோங் காலக் கப்பலுக்கு அதுதான் பொருத்தம். துணிப்பாய் வைத்தால் பிற்காலக் கப்பல் ஆகிவிடும். அப்படி வைப்பவர்கள் வெள்ளையாக விடாமல் செம்பழுப்புச் சாயம் ஏற்றுங்கள். தெற்கே வலையையும் பாயையும் கிழங்குச் சாயத்தில் தோய்ப்பார்கள், உப்புநீரில் மட்காமல் இருக்க.

உளிமுனை:

1:50இல் பாய் முடைவது எப்படி அலைவாய்? மூங்கில் கீற்றை அவ்வளவு மெல்லிதாகச் சீவ என்னால் முடியுமா தெரியவில்லை.

அலைவாய்:

மூங்கிலை விட்டுவிடுங்கள். நெருக்கமாக நெய்த லினன் துணியை நீர்த்த பசையில் தோய்த்துக் காயவைத்தால் விறைப்பாக நிற்கும். தேயிலைச் சாறில் நிறம் ஏற்றுங்கள். கம்புகளை மட்டும் நிஜ மூங்கிலில் செய்யுங்கள். கம்பு பாயின் இரண்டு பக்கமும் இணையாக வரும், பாய் நடுவில் சிக்கியிருக்கும். பாயை முழுதாக ஏற்றி வைக்காமல் பாதி இறக்கி மடிப்போடு காட்டினால் அந்தப் பொறிமுறை பார்ப்பவருக்குத் தானாகவே விளங்கும்.

சிங்கைச் செல்வி:

சுக்கானுக்கு ஒரு கேள்வி. குவாங்டாங் கப்பல் மாதிரிகளில் சுக்கானில் சாய்சதுர ஓட்டைகள் பார்த்திருக்கிறேன். குவான்சோ கப்பலுக்கும் போடலாமா?

தோணித்துறை:

வேண்டாம் செல்வி. அந்த ஓட்டைகள் குவாங்டாங் வழக்கம். நீர் அதன் வழியே போவதால் திருப்புவதற்கு வலு குறைவாகப் போதும். ஃபுஜியன் கப்பலுக்கு ஓட்டையில்லாத ஆழமான சுக்கான். கரையோரம் வந்தால் மேலே தூக்குவார்கள், ஆழ்கடலில் கீழே இறக்குவார்கள். இறக்கினால் ஏராவுக்கும் கீழே போகும், அப்போது பக்கவாட்டு நழுவலையும் தடுக்கும். மாதிரியில் சுக்கானைத் தூக்கும் உருளையைக் கட்டாயம் வையுங்கள்.

வட்டாரங்களைக் கலந்து செய்வதுதான் விற்பனை மாதிரிகளில் அதிகம் காணும் பிழை. வடக்கே யாங்சி முகத்திலிருந்து மேலே மணல்திட்டுக் கடல். அங்கே ஏரா இல்லாத தட்டையடிக் கப்பல், பக்கவாட்டில் இறக்கும் பலகை, ஐந்து பாய்மரம், அவற்றில் சில நடுக்கோட்டை விட்டு இடப்பக்கம் தள்ளி நிற்கும். தெற்கே ஆழக்கடல், V வடிவ அடி. இதன் முகப்பில் அதன் சுக்கானை வைத்தால் எந்தக் கடலிலும் ஓடாத கப்பல்தான் கிடைக்கும். நங்கூரத்திலும் கவனம் வேண்டும். சீன மர நங்கூரத்தில் குறுக்குக்கட்டை கீழே, கொக்கிகளுக்குப் பக்கத்தில் இருக்கும். கடையில் வாங்கும் பித்தளை நங்கூரத்தில் அது மேலே இருக்கும்.

மஞ்சக்கடம்பு:

வார்னிஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பளபளப்பு வார்னிஷ் அடித்து இந்தக் கப்பலைக் கெடுக்காதீர்கள். அசலில் துங் மரத்தின் விதையில் எடுக்கும் துங் எண்ணெய்தான். கலப்பத்து வேலைக்கும், அதாவது பலகை இடைவெளிகளை அடைப்பதற்கும், அதே எண்ணெயில் சுண்ணாம்பும் சணல் நாரும் சேர்த்து இடித்த பசை. துங் எண்ணெய் கிடைத்தால் மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. கிடைக்காவிட்டால் ஆளிவிதை எண்ணெய். எதுவானாலும் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள். மரத்தூள் கிடக்கும் அறையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நெய்தல்மகன்:

நல்ல மாதிரி என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. சீனச் சுங்கத் துறையின் தலைவராக இருந்த ஃபிரடெரிக் மேஸ் 1930களில் பல வட்டாரக் கப்பல்களின் மாதிரிகளைச் செய்வித்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதே துறையில் வேலை பார்த்த வூஸ்டர், யாங்சி ஆற்றின் படகுகளை ஒவ்வொன்றாக அளந்து வரைந்து வைத்தார். அவர் வரைந்தவற்றில் பல வகைகள் இன்று தண்ணீரில் இல்லை. கொரியாவில், 1323இல் நிங்போவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் வழியில் மூழ்கிய சினான் கப்பலை மீட்டபோது, உடலின் வடிவத்தைக் கண்டுபிடிக்கவே 1:5 அளவில் ஒரு மர மாதிரி செய்து பார்த்தார்கள். நம் கைவேலைக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான் என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.

தோணித்துறை:

அருமையாகச் சொன்னீர்கள். இன்னொன்றும் சேர்க்கிறேன். தடுப்பறை வைத்துக் கப்பல் கட்டும் இந்த நுட்பத்தை 2010இல் யுனெஸ்கோ உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஃபுஜியனில் நிங்தே பக்கம் சாங்வானிலும் குவான்சோ பகுதியிலும் வேலை தெரிந்த தச்சர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருந்தார்கள். இரும்புப் படகு வந்தபின் மரக்கப்பல் கேட்டு வருபவர்கள் இல்லை. ஆர்டர் இல்லாமல் வேலை தெரிந்த கை எத்தனை நாள் நிற்கும்? அதனால்தான் கற்பனைக் கப்பலைப் பளபளப்பாகச் செய்து வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. அந்தத் தச்சர்கள் உண்மையில் செய்த வேலையை ஒருவர் தன் கையால் திரும்பச் செய்து பார்க்கலாம், அதற்கு வேண்டிய அளவுகள் இருக்கின்றன.

உளிமுனை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தேக்கை எடுத்து வைத்துவிட்டேன், மஞ்சக்கடம்பு மரத்துக்குச் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒன்று. 12 தடுப்பையும் பலகை பலகையாக அடுக்கிச் செய்துவிட்டு வெளியே மூடிவிட்டால் யார் பார்ப்பார்கள்? ஒரு பக்கத்தை மூடாமல் விடலாமா?

தோணித்துறை:

விடலாம், விட வேண்டும். வலப்பக்கம் மூன்று அடுக்குப் பலகையும் முழுதாக ஏற்றுங்கள். இடப்பக்கம் நான்காவது அறையிலிருந்து எட்டாவது அறை வரை திறந்து விடுங்கள். ஆறாவது அறையில் இருக்கும் பெரிய பாய்மரக் கட்டை அதில் தெரியும், நீர்த் துளைகளும் தெரியும். திறந்த இடத்தின் ஓரத்தில் பலகை அடுக்குகளைப் படிப்படியாக வெட்டி நிறுத்தினால் மூன்று அடுக்கும் தனித்தனியாகக் கண்ணில் படும். இரண்டு பக்கமும் எடை மாறுவதால் ஏரா முறுக்கிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. பலகை ஏற்றி முடியும் வரை ஏராவைக் கனத்த அடிப்பலகையில் இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏரா இணைப்பில் குழிகள் போட்டதும், மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி.